அத்தியாயம் 4: ரிவர்ஸ்டன் பாதையில் இரத்தம் எடுத்தல்

மாத்தளை நகரில் எடுக்கும் இரத்தம் ஆய்வுகூட மேசைக்குப் போய்ச் சேர ஐந்து நிமிடம் போதும். ரிவர்ஸ்டனுக்கு அப்பால் இலுக்கும்புரவிலோ பிட்டவலவிலோ எடுக்கும் இரத்தத்துக்கு அந்த வசதி கிடையாது. ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில் குளிர்காற்று அறையும் மலைமுகட்டைக் கடந்து, வளைவுக்கு வளைவு குலுங்கி இறங்கி, ரத்தோட்டை வழியாக மாத்தளை வெயிலுக்குள் அது வந்து சேர வேண்டும். ஊசி குத்தும் வேலை ஒரு நிமிடம்தான். முடிவுகள் தவறிப்போவது பெரும்பாலும் அதற்கு முன்னாலோ பின்னாலோதான். அதனால் இந்த அத்தியாயத்தில் ஊசிக்குக் கொடுக்கும் இடத்தைவிட கைக்கும், குப்பிக்கும், பெட்டிக்கும் கொடுக்கும் இடம் அதிகம்.

தோட்ட மருந்தகங்களிலும் கிராமிய கிளினிக்குகளிலும் நடமாடும் முகாம்களிலும் புதிதாகப் பணிக்கு வரும் தாதியருக்கும் ஆய்வுகூட ஊழியருக்கும் எழுதியது இது. வாசித்துவிட்டு யாரும் ஊசியை எடுத்துவிடக் கூடாது. தேர்ந்த ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, முதலில் செயற்கைக் கையிலும் பிறகு மனிதக் கையிலும் பழகிய பின்னரே தனியாக எடுக்க வேண்டும். அந்தப் பழக்கத்துக்குத் துணையாகவே இந்தப் பக்கங்கள்.

இந்தப் பகுதியில் இரத்தப் பரிசோதனை ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்கு மாத்தளை மாவட்டமே பதில் சொல்லும். 2008இல் இலங்கையில் எலிக்காய்ச்சல் பெருகியபோது சந்தேக நோயாளர் தொகை 7,000ஐத் தாண்டியது. அதில் அடிபட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. மலைக்குக் கிழக்கே தாழ்நிலத்தில் இருக்கும் வில்கமுவ, காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோயால் பெயர் அடிபடும் ஊர். இந்த இரண்டு நோயிலும் டொக்டர் கண்ணை வைத்திருப்பது கிரியேற்றினின், பொட்டாசியம் என்ற இரண்டு எண்களில். இன்னொரு பக்கம், 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. 2019 டிசம்பரில் தாயிலிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடென்ற சான்றும் வந்தது. இந்தச் சான்றுகளுக்குப் பின்னால் விரல் நுனியில் குத்தியெடுத்த இலட்சக்கணக்கான துளிகளும், கர்ப்பிணிகளின் கையிலிருந்து எடுத்த குப்பிகளும் இருக்கின்றன. மேடையில் யாரும் அவற்றைப் பற்றிப் பேசுவதில்லை.

குழாய்களை அறிதல்

நாடி இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகும். நாளம் இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும். பாடசாலையில் படித்த இந்த வரியை இப்போது விரலால் படிக்க வேண்டும். நாடியின் சுவரில் தசைப்படை தடிப்பானது. இதயம் தள்ளும் ஒவ்வொரு தடவையும் அது விரலுக்கடியில் துடிக்கும். நாளத்தின் சுவர் மெல்லியது, உள்ளே அமுக்கம் மிகக் குறைவு. மெதுவாக அழுத்தினால் தாழும், விட்டால் எழும்பும், துடிக்காது. ஓய்வாக இருக்கும் உடலில் மொத்த இரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நாளங்களிலேயே தங்கி நிற்கிறது. நாம் நாளத்தில் எடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்: இரத்தம் நிறைய, அமுக்கம் குறைவு, தோலுக்குக் கிட்ட.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவை மயிர்த்துளைக்குழாய்கள். சிலவற்றின் விட்டம் செங்குழியத்தின் விட்டத்தைவிடச் சிறியது. குழியம் தன்னை மடித்துக்கொண்டுதான் நுழையும். குளுக்கோமீற்றருக்கு விரலில் குத்தும்போது வரும் துளி இங்கிருந்து வருவது.

வால்வுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்களுக்கு இரத்தம் வராமல் நின்றுபோகும் பல தடவைகளில் குற்றவாளி வால்வுதான். கை கால் நாளங்களுக்குள் ஒருபக்கமாக மட்டும் திறக்கும் மெல்லிய மடல்கள் உண்டு. இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் ஃபப்ரீசியஸ் 1603இல் அவற்றை விவரித்து நூல் வெளியிட்டார். அவை எதற்கு என்பதைச் சரியாகச் சொன்னவர் அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி, 1628இல். ஹார்வி காட்டிய சோதனையைச் செய்ய உங்கள் கை ஒன்றே போதும். இன்றைக்கே செய்து பாருங்கள்.

முழங்கைக்கு மேலே பட்டியை மிதமாகக் கட்டுங்கள். முன்கையில் நாளங்கள் புடைக்கும். இடையிடையே சிறு முடிச்சுகள் தெரியும். அவைதான் வால்வுகள். ஒரு நாளத்தின் மேல், மணிக்கட்டுப் பக்கமாக ஒரு விரலை அழுத்தி வையுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து தோள் பக்கமாக அடுத்த முடிச்சைத் தாண்டும்வரை இரத்தத்தை வழித்துத் தள்ளுங்கள். மேல் விரலை எடுத்தாலும் நடுப்பகுதி வெறுமையாகவே கிடக்கும். மேலேயிருந்து இரத்தம் திரும்பி வராது. கீழ்விரலைத் தூக்கிய கணமே நிரம்பிவிடும். இரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது, ஊசியின் முனை ஏன் தோள் பக்கம் பார்க்க வேண்டும், முடிச்சு தெரியும் இடத்தில் ஏன் குத்தக் கூடாது என்ற மூன்று கேள்விக்கும் இந்த ஒரு சோதனை பதில் தந்துவிடும். மயிர்த்துளைக்குழாயை ஹார்வி கண்ணால் பார்க்கவில்லை. அவர் இறந்து நாலு ஆண்டு கழித்து, 1661இல், மல்பீகி தவளையின் நுரையீரலில் நுணுக்குக்காட்டி வைத்துக் கண்டார்.

முழங்கை மடிப்பில் நமக்கு மூன்று நாளங்கள் முக்கியம். நடுவில் சரிவாக ஓடும் மீடியன் கியூபிட்டல் முதல் தெரிவு. பருமனானது, தோலடியில் உறுதியாகப் பதிந்திருப்பது, அதிகம் வழுக்காது. பெருவிரல் பக்கமாக ஓடும் செஃபாலிக் அடுத்தது. உடல் பருத்தவர்களில் சிலவேளை இது ஒன்றுதான் விரலுக்குத் தட்டுப்படும். சின்னவிரல் பக்கமாக ஓடும் பசிலிக் கண்ணுக்கு அழகாகத் தெரியும், ஆனால் அதன் பக்கத்திலேயே கையின் பெரிய நாடியும் மீடியன் நரம்பும் போகின்றன. ஆகவே அதைக் கடைசிக்கு வையுங்கள். ஆளுக்கு ஆள் இந்த அமைப்பு மாறும். ஒரே ஆளின் இரண்டு கையும்கூட ஒன்றுபோல இருக்காது.

குளிரில் ஒளியும் நாளம்

மாத்தளை நகருக்கும் ரிவர்ஸ்டனுக்கும் உயரத்தில் கிட்டத்தட்ட 1,000 மீற்றர் வித்தியாசம். அதற்கே ஆறேழு பாகை வெப்பம் குறையும். அதன்மேல் காற்று. முகட்டில் மரங்களே வளராமல் குட்டையாகிக் கிடக்கும் அளவுக்கு அடிக்கிற காற்று. உடல் தன் சூட்டைக் காக்கத் தோலடி நாளங்களைச் சுருக்கிவிடும். காலை எட்டு மணிக்கு மூடுபனிக்குள் நடந்து வந்த ஒருவரின் கையைத் தொட்டுப் பார்த்தால் நாளம் என்ற ஒன்றே இல்லாதது போலிருக்கும். உள்ளே இருக்கிறது, ஒடுங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

முகாமில் முதல் வேலையாக இரத்தம் எடுக்கும் மேசையைக் காற்றுப் படாத மூலைக்குத் தள்ளுங்கள். வராந்தாவில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று அங்கே போடும் வழக்கம் ஒன்று உண்டு. வெளிச்சத்துக்கு விளக்கு வைத்துக்கொள்ளலாம், காற்றுக்கு மாற்று இல்லை. வந்தவர்களை உள்ளே பத்து நிமிடம் உட்கார வையுங்கள். கையைக் கீழே தொங்கவிடச் சொல்லுங்கள். தண்ணீர் குடிக்கத் தடையில்லாத பரிசோதனையானால் குடிக்கக் கொடுங்கள். இளஞ்சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்த துணியை முழங்கையில் மூன்று, நாலு நிமிடம் சுற்றி வைத்தால் பெரும்பாலும் நாளம் எழும்பிவிடும். சூட்டை முதலில் உங்கள் கையில் பாருங்கள். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிக்கு உணர்வு மங்கியிருக்கும், சுட்டாலும் சொல்ல மாட்டார். கையைப் படபடவென்று அறைந்து நாளத்தை எழுப்பும் பழக்கத்தை விடுங்கள். வலிக்கும், செங்குழியங்களும் உடையும்.

கண்ணைவிட விரலை நம்புங்கள். நீலமாகத் தெரியும் நாளம் ஆழமில்லாத மெல்லிய ஒன்றாக இருக்கலாம். எதுவும் தெரியாத இடத்தில் விரலுக்கடியில் நல்ல நாளம் ஒன்று துள்ளலாம். கொழுந்து பறித்தும் விறகு சுமந்தும் உரமேறிய கைகளில் தசைநாண் தடித்து நிற்கும். புதியவர்கள் அதை நாளமென்று நினைத்துக் குத்திவிடுவதுண்டு. அழுத்திப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: தசைநாண் கயிறு மாதிரி கடினமாக இருக்கும், தாழாது.

எல்லாவற்றையும்விட நல்ல வழிகாட்டி, கைக்குச் சொந்தக்காரர்.

“போன தடவ நாலு எடத்துல குத்துனாங்க மிஸ். அந்தக் கையில வேணாம்.”

“சரிம்மா. எந்தக் கையில சுலபமா வரும்? நீங்களே காட்டுங்க.”

“இதுல. இந்த ஓரமா.”

அந்த அம்மா காட்டும் இடத்தில் முதலில் விரலை வைத்துப் பாருங்கள். முப்பது வருடம் அந்தக் கையோடு இருந்தவர் அவர். இரண்டு தடவை முயன்று வரவில்லையென்றால் மூன்றாவது தடவை வேறொருவர் எடுக்கட்டும். இதில் மானக்கேடு எதுவும் இல்லை.

பெயர், பிறகு ஊசி

தோட்டங்களில் ஒரே லயத்தில் இரண்டு லெட்சுமி, மூன்று செல்லம்மா இருப்பார்கள். முகட்டைத் தாண்டினால் சிங்களக் கிராமங்கள்; அங்கே தமிழில் கேட்டால் புரியாமலே தலையாட்டுவார்கள், இங்கே சிங்களத்தில் கேட்டாலும் அதே தலையாட்டல்தான். அதனால் “நீங்கதானே லெட்சுமி?” என்று கேட்காதீர்கள். “உங்க முழுப் பேரு என்னம்மா?” என்று கேட்டு அவர் வாயால் வரவழையுங்கள். அடையாள அட்டை எண்ணையோ கிளினிக் புத்தக எண்ணையோ இரண்டாவது அடையாளமாக ஒப்பிடுங்கள். குப்பியில் பெயரை இரத்தம் எடுத்த பிறகு, அவர் எழுந்து போவதற்கு முன், அந்த மேசையிலேயே எழுதுங்கள். காலையிலேயே ஐம்பது குப்பிக்கும் பெயர் எழுதி அடுக்கி வைப்பது வேகமான வழிதான். ஒருவரின் சிறுநீரகத்தை இன்னொருவருக்குப் பொருத்திவிடும் வேகம் அது.

அடுத்து, சாப்பிட்டாரா என்று கேளுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் பட்டினி கிடந்து, மேட்டு லயத்திலிருந்து நடந்து இறங்கி, வரிசையில் நின்று வருபவர் மயங்கி விழத் தயாராக இருப்பவர். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்தவர் இன்னும் ஆபத்தில் இருப்பவர். அவரை முதல் ஆளாக எடுத்து அனுப்புங்கள். முன்பு மயங்கியதுண்டு என்று சொன்னால் படுக்க வைத்தே எடுங்கள். அஸ்பிரின், வார்பரின் குடிப்பவரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்குப் பஞ்சை அதிக நேரம் அழுத்த வேண்டிவரும்.

கைகளைக் கழுவி, கையுறை போட்டு, மடிப்புக்கு நாலைந்து விரற்கடை மேலே பட்டியைக் கட்டுங்கள். இறுக்கத்துக்கு அளவு இது: நாளம் அடைபட வேண்டும், நாடி ஓட வேண்டும். கட்டிய பின் மணிக்கட்டில் நாடித் துடிப்பு தெரியாவிட்டால் இறுக்கம் அதிகம். பட்டி ஒரு நிமிடத்துக்கு மேல் கையில் இருக்கக் கூடாது. நேரம் நீண்டால் நீர்ப்பகுதி குழாய்க்கு வெளியே கசிந்து, உள்ளே இருப்பது செறிந்துவிடும். டெங்கு நோயாளியில் இதன் விளைவைப் பாருங்கள். அவருக்கு குருதிக் குழியக் கனவளவு ஏறுகிறதா என்று பார்த்துத்தான் நீர்க்கசிவைக் கணிக்கிறார்கள். உங்கள் பட்டியே அதை ஏற்றிவிட்டால் வார்டில் இருப்பவர் எதை நம்புவார்? முஷ்டியை மூடித் திறந்து பம்ப் அடிக்கச் சொல்வதும் வேண்டாம்; தசையிலிருந்து பொட்டாசியம் வெளியேறி எண்ணை உயர்த்தும். மெதுவாக மூடி வைத்திருந்தால் போதும்.

70 வீத அற்ககோல் தோய்த்த பஞ்சால் துடைத்து, 30 வினாடி காய விடுங்கள். ஊதாதீர்கள், துடைத்த இடத்தைத் திரும்பத் தொடாதீர்கள். ஈரம் காயாமல் குத்தினால் எரியும், செங்குழியமும் உடையும். பெரியவர்களுக்குப் பொதுவாக 21 கேஜ் ஊசி. மெல்லிய நாளத்துக்கு 23 கேஜ் பட்டாம்பூச்சி ஊசி. குத்தும் இடத்துக்குக் கீழே பெருவிரலால் தோலை இழுத்துப் பிடியுங்கள், நாளம் உருளாது. ஊசியின் சாய்ந்த வாய் மேலே பார்க்க, 15 முதல் 30 பாகை சரிவில், தயங்காமல் ஒரே சீராக நுழையுங்கள். தயங்கித் தயங்கிக் குத்துவதுதான் வலிக்கும். இரத்தம் வர ஆரம்பித்ததும் பட்டியைத் தளர்த்துங்கள். பிஸ்டனை வெடுக்கென்று இழுத்தால் நாளத்தின் சுவர் ஊசி வாயில் ஒட்டிக்கொள்ளும்.

மூன்று அடையாளங்கள் தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். கையில் மின்னல் அடித்தது போல விரல்வரை சுரீரென்று ஓடியதாக அவர் சொன்னால் ஊசி நரம்பைத் தொட்டிருக்கிறது. குத்திய இடம் வீங்கி எழும்பினால் நாளத்துக்கு வெளியே கசிகிறது. பளிச்சென்ற சிவப்பு இரத்தம் துடித்துத் துடித்து வந்தால் அது நாடி. மூன்றிலும் செய்வது ஒன்றே: பட்டியை அவிழ்த்து, ஊசியை எடுத்து, அழுத்திப் பிடிப்பது. நாடியானால் கடிகாரம் பார்த்துக் குறைந்தது ஐந்து நிமிடமாவது நீங்களே அழுத்துங்கள், நோயாளியிடம் விட்டுவிடாதீர்கள். ஊசியை உள்ளே வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியுமாகத் துழாவுவது எந்த நிலைமையிலும் கூடாது.

பட்டி அவிழ்ந்த பிறகே ஊசி வெளியே வரவேண்டும். பஞ்சை வைத்து, கையை நேராக நீட்டியபடி அழுத்தச் சொல்லுங்கள். முழங்கையை மடக்கிக்கொண்டு போவது ஊரெல்லாம் உள்ள பழக்கம். மறுநாள் கன்றி நீலம் பாய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

“இவ்வளவு ரத்தம் எடுக்கிறீங்களே” என்ற முறைப்பாடு எப்போதும் வரும். எரிச்சல்படாமல் கணக்கைச் சொல்லுங்கள். ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 70 மி.லீ. இரத்தம் உண்டு. 40 கிலோ எடையுள்ள பெண்ணிடம் 2.8 லீற்றர். எடுப்பது 10 மி.லீ. என்றால் 280இல் ஒரு பங்கு. இரத்ததானம் செய்பவர் ஒரே தடவையில் ஏறத்தாழ 450 மி.லீ. கொடுத்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். ஆனால் இதே கணக்கைக் கைக்குழந்தைக்குச் சொல்ல முடியாது. 3 கிலோ எடையில் பிறந்த பிள்ளையிடம் இருப்பது சுமார் 250 மி.லீ.தான். அங்கே 5 மி.லீ. என்பது நூற்றில் இரண்டு.

அட்டையும் குப்பியும்

ரிவர்ஸ்டன் இருக்கும் நக்கிள்ஸ் மலைக் காட்டுக்குள் நடந்தவர்களுக்கு அட்டைக்கடி புதிதல்ல. அட்டை விழுந்து வெகுநேரம் ஆன பிறகும் கடித்த இடம் ஒழுகிக்கொண்டிருக்கும். அதன் உமிழ்நீரில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் இருப்பதே காரணம். மருத்துவ அட்டையில் உள்ள அத்தகைய பொருளுக்கு ஹிருடின் என்று பெயர். உறைதலை முடித்துவைக்கும் திரொம்பினை நேரே பிடித்து முடக்கும். குப்பிகளுக்குள் நாம் போட்டு வைத்திருப்பவையும் அதே வேலையை வேறு வழிகளில் செய்கின்றன. ஊதா மூடிக் குப்பியின் ஈ.டி.டி.ஏ.யும் நீல மூடியின் சிற்றேற்றும் உறைதலுக்குத் தேவையான கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பச்சை மூடியின் ஹெப்பரின், இரத்தத்திலேயே இருக்கும் இயற்கைத் தடுப்பானைப் பல மடங்கு வேகப்படுத்தும். சாம்பல் மூடியில் உள்ள புளோரைட்டின் வேலை வேறு: இரத்தக் குழியங்கள் குளுக்கோஸைத் தின்பதை நிறுத்துவது. சிவப்பு மூடியில் தடுப்பான் இல்லை. அங்கே இரத்தம் உறைய வேண்டும், உறைந்தால்தான் நீர்ப்பாயம் பிரியும்.

இது தெரிந்தால் குப்பிகளின் வரிசையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கிருமி வளர்ப்புக் குப்பி முதலில், அது மாசுபடக் கூடாது. பிறகு நீலம், சிவப்பு, பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். ஊதாக் குப்பியில் இருப்பது பொட்டாசியம் கலந்த ஈ.டி.டி.ஏ. அதில் ஒரு துளி சிவப்புக் குப்பிக்குள் போனால் பொட்டாசியம் பொய்யாக ஏறும், கல்சியம் பொய்யாக இறங்கும். சிவப்பில் இரத்தம் குறைந்துவிட்டதென்று ஊதாவிலிருந்து ஊற்றி நிரப்புவதை விட மோசமான காரியம் இந்தத் தொழிலில் குறைவு. சிரிஞ்சில் எடுத்ததைக் குப்பிக்கு மாற்றும்போது அழுத்தித் தள்ளாதீர்கள். சுவர் வழியாக மெதுவாக வழிய விடுங்கள். நீலக் குப்பியைக் கோடுவரை சரியாக நிரப்புங்கள். ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு சிற்றேற் என்ற விகிதம் குலைந்தால் உறைநேரம் தவறும். ஊதாவை எட்டுப் பத்துத் தடவை மெதுவாகத் தலைகீழாகப் புரட்டுங்கள். குலுக்காதீர்கள்.

விரலில் குத்தி எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனைக்கு இரண்டே வார்த்தை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைத்துக் குத்துங்கள்; பலாப்பழம் தின்ற விரலும் சீனி தொட்ட விரலும் மீற்றரில் இல்லாத நோயைக் காட்டும். குளிர்ந்த விரலைப் பிசைந்து பிழியாமல் சூடாக்கிவிட்டு, நுனியின் ஓரத்தில் குத்துங்கள்.

மலை இறங்கும் பெட்டி

இந்தப் பாதையில் இரத்தத்துக்கு மூன்று எதிரிகள்: நேரம், குலுக்கம், குளிர். மூன்றாவதைப் பலர் நண்பன் என்று நினைக்கிறார்கள்.

பிரிக்காத இரத்தத்தில் குழியங்கள் உயிரோடு இருக்கின்றன, குளுக்கோஸைத் தின்கின்றன. அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 வீதம் வரை குறையும். காலை எட்டுக்கு எடுத்து, மதியம் மாத்தளையில் பிரித்தால் நூற்றில் இருபதுக்கு மேல் போயிருக்கும். சர்க்கரை நோயாளி நலமானவர் போலத் தெரிவார். சாம்பல் குப்பி இதைக் குறைக்கும், ஆனால் புளோரைட்டின் வேலை முழுமையாகத் தொடங்க ஓரிரு மணி நேரமாவது ஆகும்.

அப்படியானால் ஐஸ் பெட்டியில் வைக்கலாமே என்று தோன்றும். பொட்டாசியம் பார்க்கப் போகும் இரத்தத்தைப் பிரிக்காமல் ஒருபோதும் ஐஸில் வைக்காதீர்கள். செங்குழியத்துக்குள் பொட்டாசியம் வெளியே இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அதை உள்ளே பிடித்து வைத்திருப்பது குழியச் சுவரில் உள்ள ஒரு பம்ப். குளிரில் அது படுத்துவிடும். இரத்தம் உடைந்த சிவப்புச் சாயல்கூட இல்லாமல், பார்வைக்குச் சுத்தமான நீர்ப்பாயத்தில் பொட்டாசியம் உயர்ந்து நிற்கும். இதிலுள்ள ஆபத்து எலிக்காய்ச்சலில் தெளிவாகத் தெரியும். சிறுநீரகம் பாதித்த பிறகும் பொட்டாசியம் தாழ்ந்து போவது அந்த நோயில் அடிக்கடி காண்பது. உண்மையில் தாழ்ந்திருப்பதை உங்கள் ஐஸ் பெட்டி சரியான அளவென்று காட்டிவிடும். டொக்டருக்குச் சந்தேகப்பட எந்தக் காரணமும் இருக்காது.

ஆகவே சிறிய மையநீக்கி ஒன்றைக் கூடவே கொண்டுபோவதுதான் சரியான வழி. மின்சாரம் உள்ள மருந்தகத்திலோ பாடசாலையிலோ முகாமைப் போடுங்கள். சிவப்புக் குப்பியை நிமிர்த்தி வைத்து அரை மணி நேரம் உறைய விட்டு, எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் சுழற்றி, நீர்ப்பாயத்தைத் தனிக் குப்பிக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு தாராளமாகக் குளிரில் வைக்கலாம். ஊதாக் குப்பி சுழற்றத் தேவையில்லாதது. அறை வெப்பத்தில் பொறுமையாகப் பயணம் செய்யும். கிருமி வளர்ப்புக் குப்பியைக் குளிரூட்டக் கூடாது.

குப்பிகளை நிமிர்த்திய தாங்கியில் அடுக்கி, சுற்றிவரப் பஞ்சு மெத்தைத் துண்டு வைத்து, மூடியுள்ள பெட்டியில் போடுங்கள். பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளலாம் அல்லது ஆசனத்துக்கடியில் இறுக்கலாம். பின்சக்கரத்துக்கு மேலே வைக்கக் கூடாது. முகட்டில் திறந்த யன்னலோரத்தில் 15 பாகைக் காற்று, ஒரு மணி நேரம் கழித்து மாத்தளையில் வெயிலில் நிறுத்திய வேனுக்குள் கொதிக்கும் சூடு. இரண்டிலிருந்தும் பெட்டியைக் காப்பது சாரதியின் வேலை அல்ல, உங்கள் வேலை. தென்மேல் பருவக்காற்று மாதங்களில் முகட்டில் காற்றும் மூடுபனியும் வழியை மறிக்கும் என்பதால், பிற்பகல் வரை காத்திருக்காமல் முதல் தொகுதியை முன்னதாகவே இறக்கிவிடுவது புத்தி.

தொடக் கூடாத கை

சிறுநீரக நோயாளிகள் வரும் முகாமில் ஒரு விதி தனியாக நிற்கிறது. இரத்தச் சுத்திகரிப்புக்காக முன்கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்துச் சத்திரசிகிச்சை செய்திருப்பார்கள். 1966இல் நியூயோர்க்கில் பிரெஸ்சியா, சிமினோ இருவரும் தம் குழுவினரோடு வெளியிட்ட முறை அது, இன்றுவரை அதுவே முதல் தெரிவு. அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தால் உள்ளே ஏதோ கிறுகிறுவென்று அதிர்வது தெரியும். புடைத்துப் பருத்த நாளம், குத்துவதற்கு ஆசையைத் தூண்டும். அந்தக் கையில் ஊசி, பட்டி, அமுக்கம் பார்க்கும் கருவி எதுவும் கூடாது. அந்த நாளம் அடைபட்டால் அவருடைய உயிர்வழி அடைபடுகிறது.

இன்னும் சுத்திகரிப்பு தொடங்காத, கிரியேற்றினின் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருக்கும் வில்கமுவ விவசாயிக்கும் இது பொருந்தும். நாளைக்கு அந்த இணைப்புக்கு வேண்டியது அவருடைய முன்கை நாளம். மாதாமாதம் அதிலேயே குத்திக் குத்தித் தழும்பாக்கினால் சத்திரசிகிச்சை செய்ய நாளம் மிஞ்சாது. இத்தகையவர்களுக்குப் புறங்கை நாளத்தில் மெல்லிய ஊசியால் எடுங்கள். வலி கொஞ்சம் அதிகம். காரணத்தைச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. மார்பகச் சத்திரசிகிச்சை நடந்த பக்கக் கை, சேலைன் ஏறும் கை, வீங்கிய கை ஆகியவற்றையும் விட்டுவிடுங்கள்.

ஊசி உங்கள் கையில் பட்டால்

எடுத்து முடித்த ஊசிக்கு மூடி போடாதீர்கள். ஊழியர்களுக்கு ஊசி குத்தும் விபத்துகளில் பல, மூடியைத் திரும்பப் போடும்போது நடப்பவை. ஊசிப் பெட்டி கைநீட்டும் தூரத்தில், மேசையின் மேலேயே இருக்க வேண்டும். முக்கால் பங்கு நிரம்பியதும் மூடி முத்திரையிட்டு மாற்றுங்கள். பெட்டி வரவில்லை என்று வெறும் போத்தலில் போடுவதும், லயத்துக் குப்பைமேட்டில் கொட்டுவதும் பிள்ளைகளின் காலில் போய் முடியும்.

அப்படியும் குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், உறிஞ்சாதீர்கள், பிளீச்சில் தோய்க்காதீர்கள். யாருடைய இரத்தம் என்பதைக் குறித்துக்கொண்டு உடனே பொறுப்பு வைத்தியருக்குச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. உள்ள இரத்தமானால் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 வீதம்; தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ரிவர்ஸ்டனுக்கு அப்பால் நிற்கும் ஒருவருக்கு மாத்தளை போய்ச் சேரவே நேரம் பிடிக்கும் என்பதால், முகாம் முடியட்டும் பிறகு பார்ப்போம் என்ற எண்ணம் வேண்டாம். ஹெபடைடிஸ் பி அதைவிடப் பல மடங்கு எளிதாகத் தொற்றும்: தடுப்பூசி போடாத ஒருவருக்கு 6 முதல் 30 வீதம் வரை. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, மூன்று தடவை போட வேண்டும். அந்த மூன்றும் முடியாமல் முகாம் வாகனத்தில் ஏறாதீர்கள். ஏறச் சொல்பவரிடம் உங்கள் தடுப்பூசி அட்டையைக் காட்டி மறுத்துவிடுங்கள்.